மெய்யின்னு பாடச் சொன்னாங்க, பொய்யின்னு கத்திட்டேன்

அன்னிக்கு வேலை ரொம்ப சுளுவு. மெட்ராசுக்குப் போவணும். ரேடியோ ஸ்டேஷன்ல ஒரு பாட்டு பாடணும். பொழுது சாயறதுக்குள்ள ஊரு வந்து சேரணும். அவ்ளோதான்.

எண்பதுகளோட ஆரம்பம். ஊரெல்லாம் எலெக்ஷன் சூடு. எனக்கு மீசை அப்பதான் ஒழுங்கா மொளச்சிருந்துச்சு, அதனால ஒலகமே என்னப் பாக்குதுனு நெனப்பு.

நாங்க ஒரு பாட்டு கோஷ்டி. மொத்தம் மூணு பேரு. லைட்ஹவுஸ் குப்பத்துல நான், பேரு தேசப்பன். பசியாவரத்துல ஏகாம்பரம். பழவேற்காடு டவுன்ல காசிம்.

கோஷ்டி பேரு 'கெளுத்தி முள்ளு'. கெளுத்தி மீன தெரியாம புடிச்சா கையில குத்தி ரெண்டு நாளைக்கு கடுக்கும் பாருங்க, எங்க பாட்டும் அப்டி கடுக்கணும்னு வெச்ச பேரு. கடுத்துச்சு. ஆனா பக்கத்து வூட்டுக்காரங்களுக்கு மட்டுந்தான்.

எங்க பாட்டு எங்கேர்ந்து வந்துச்சுனு கேட்டா நாலு ஊரு வழி சொல்லணும்.

ஏகாம்பரத்தோட நைனா வலை இழுக்கும்போது பாடுற ஏலேலோ ஒண்ணு. காசிம் தர்கா கந்தூரி திருவிழால கேட்டுக் கேட்டு மண்டையில ஏத்திக்கினு வந்த கவாலி ஒண்ணு. காத்து நம்ம பக்கம் அடிச்சா சிலோன் ரேடியோ ஒண்ணு.

நாலாவதுதான் வெவகாரம். காசிமோட மச்சான் கப்பல்ல வேலை. அவரு ஒரு கேசட்டு கொண்டாந்தாரு. லண்டன் பசங்களாம். போட்டுக் கேட்டோம்.

"இன்னாடா இது, பாட்டா சண்டையா?"னு ஏகாம்பரம் கேட்டான்.

எங்களுக்கும் தெரில. குழாயடியில கொடம் மோதுற மாதிரி ஒரே சத்தம். ஆரம்பிக்கிறதுக்குள்ள பாட்டு முடிஞ்சிடுது. ஒரு வார்த்த புரில. ஆனா கோவம் மட்டும் நல்லா புரிஞ்சுது!

அவ்ளோதான். ஏகாம்பரம் டீசல் டின்னக் கவுத்துப் போட்டு ரெண்டு கட்டையால அடிச்சான். காசிம், கட்டைய அமுக்கி கம்பிய மீட்டுற புல்புல்தாராவ எடுத்தான். நான் கத்துனேன். எனக்குப் பாட வராது. கத்த வரும். லண்டன் பசங்களுக்கும் அதே கதைதான்னு தெரிஞ்சதும் எனக்கு ரொம்ப தெம்பாயிடுச்சு.

கோவப்பட எங்களுக்கு விஷயமும் இருந்துச்சு. ஏரியும் கடலும் சேர்ற மொகத்துவாரம் மணல் மூடி தூந்து போச்சு. கடல் தண்ணி உள்ள வரல. ஏரி தண்ணி வத்திப் போயி சேறாயிடுச்சு. எறா இல்ல, மீனு இல்ல. பசியாவரத்துல பாதி பேரு வலைய மடிச்சு வெச்சுட்டு கூலி வேலைக்குப் போயிட்டாங்க. மீனாபீசு ஆபீசரு ஒருத்தரு, எப்ப கேட்டாலும் "மிஷின் வருதுப்பா, தோண்டிடலாம்"னுவாரு. மிஷினு வரவே இல்ல.

அந்த ஆபீசர் மேல நான் கட்டுனதுதான் பாட்டு.

"சூரியன் மொளைக்கும் முன்ன — ஏலேலோ
கையில துடுப்பெடுத்தோம் — ஏலேலோ
எலையில சோறு வெச்சோம் — ஏலேலோ
ஏரியில மீனே இல்ல — ஏலேலோ!"

இது வரைக்கும் சாது. இதுக்கு அப்புறம் காசிம் ஒரு வரி பாடுவான், நான் ஒரு கத்து கத்துவேன்.

"தோண்டுறேன்னு சொன்னாரு —"

"பொய்யி!"

"மிஷினு வருதுன்னாரு —"

"பொய்யி!"

கடசில "காத்து வருது, கரையேறு! ஓடு!"னு மூணு பேரும் தொண்ட கிழிய கத்தி முடிப்போம். அதுக்கு அர்த்தம் ஒண்ணும் கெடையாது. லண்டன் பசங்களும் கடசில எதையோ அப்டிதான் கத்துனாங்க.

அம்மன் திருவிழாவுக்கு ரேடியோ ஸ்டேஷன்லேர்ந்து ஒருத்தரு வந்திருந்தாரு. மொத நாலு வரி கேட்டாரு. "அசல் கிராமிய மணம்! ஸ்டேஷனுக்கு வந்து பாடுங்க"ன்னாரு. மீதிய கேக்கறதுக்குள்ள அவருக்கு வண்டி வந்துடுச்சு. எல்லாக் கொடுமையும் அந்த வண்டியாலதான்.

பொன்னேரி போயி ரயில் ஏறி, ஸ்டேஷன் போயி சேந்தோம். நான் இஸ்திரி போட்ட சட்ட. ரேடியோல சட்ட தெரியாதுனு காசிம் சொன்னான். "கொரல்ல தெரியும்டா"ன்னேன்.

மொதல்ல ஒரு ரூம்ல உக்கார வெச்சாங்க. பாட்டு வரிய பாத்து அனுப்புற ஐயா ஒருத்தரு. ரொம்ப மரியாதக்காரரு. கையில செவப்பு பென்சிலு.

"குழுவோட பேர் என்ன தம்பி?"

"கெளுத்தி முள்ளு சார்."

"முள் வேண்டாமே. கொஞ்சம் வன்முறையா இருக்கு."

"செரி சார், கெளுத்தி."

"அது மட்டும் தனியா வந்தா மீன் கடை மாதிரி இருக்கே. 'பழவேற்காடு கலைக்குழு'ன்னு வெச்சுக்கலாம்."

வெச்சுக்கினோம். இன்னும் பாட்டே ஆரம்பிக்கல.

மொத வரிய படிச்சாரு. பென்சில தூக்குனாரு.

"சூரியன் வேண்டாம்."

"ஏன் சார்?"

"தேர்தல் நேரம் தம்பி. சூரியன் ஒரு கட்சியோட சின்னம்."

"சார், அது காலைல வர்ற சூரியன் சார்."

"காலைல வந்தாலும் சின்னம் சின்னந்தான். 'வெளிச்சம்'னு போட்டுக்கலாம்."

ரெண்டாவது வரி. "கையில துடுப்பெடுத்தோம்." அவரு பென்சில கீழ வெச்சாரு. எங்க மூஞ்ச பாத்தாரு. எனக்கே புரிஞ்சுடுச்சு.

"கையும் சின்னமா சார்?"

"ஆமாம். தோளில் துடுப்பெடுத்தோம்."

"தோள்ல வெச்சினு இருந்தா படகு எப்டி சார் போவும்?"னு ஏகாம்பரம் கேட்டான்.

"அது கற்பனைப்பா"ன்னாரு.

மூணாவது வரில எலை. அதுவும் சின்னம். எலைய எடுத்துட்டு தட்டு வந்துச்சு.

ஏகாம்பரத்துக்கு பயம் வந்துடுச்சு. "சார், சோறு?"

ஐயா யோசிச்சாரு. "சோறு யாருக்கும் சின்னம் இல்லை. இருக்கட்டும்."

எங்களுக்கு உசுரு வந்துச்சு. அந்த சந்தோசத்துல ஏகாம்பரம் வாய வெச்சுக்கினு சும்மா இருந்திருக்கலாம். "அப்ப மீனு சார்?"னு கேட்டுட்டான் பாவி.

ஐயா எழுந்து பக்கத்து ரூமுக்குப் போனாரு. விசாரிச்சாரு. திரும்பி வந்தாரு.

"சுயேச்சை ஒருத்தர் மீன் சின்னத்தில நிக்கறாராம்."

மீனவன் பாட்டு. அதுல மீனு இருக்கக் கூடாது!

"அப்ப இன்னா சார் சொல்றது?"

"'நீர்வாழ் உயிரினம்'னு வெச்சுக்கலாமே."

"ஏரியில நீர்வாழ் உயிரினமே இல்ல, ஏலேலோ." காசிம் பாடிப் பாத்தான். மூச்சு முட்டிக்கிச்சு.

ஆபீசர் வந்த எடத்துல ஐயாவுக்கு மொகமே மாறிடுச்சு. "அரசு ஊழியரைக் குறை சொல்லக் கூடாது தம்பி. ஆனா வரிகள் நல்லா இருக்கு. பொய்யிங்கிற ஒரு வார்த்தையை மட்டும் மாத்திட்டா போதும்."

"எப்டி சார்?"

"மெய்யி."

தோண்டுறேன்னு சொன்னாரு, மெய்யி! மிஷினு வருதுன்னாரு, மெய்யி! திட்டுப் பாட்டு ஒரே நிமிசத்துல வாழ்த்துப் பாட்டாயிடுச்சு.

இங்கதான் நான் எழுந்து வந்திருக்கணும். எந்த ரோசக்காரனும் வந்திருப்பான். ஆனா எனக்கு ரேடியோல பேரு வரணும். "பாடலாசிரியர் தேசப்பன்"னு ஊரே கேக்கணும். அதனால சூரியன தூக்கு, கைய வெட்டு, மீன கொல்லு, எல்லாத்துக்கும் "செரி சார், செரி சார்"னு தலைய ஆட்டினு இருந்தேன்.

காசிம் என் காதுல சொன்னான். "இன்னாடா, முள்ள ஒண்ணொண்ணா உருவுறாரு, நீ பல்ல இளிக்கிறே?"

"சும்மா இருடா பேஜாரு புடிச்சவனே"ன்னேன். அடுத்து அவனுக்கே வந்துச்சு.

"இந்த புல்புல்தாரா நாட்டுப்புற வாத்தியம் இல்லையே"ன்னாரு ஐயா.

"எங்க ஊருல எங்க தாத்தா காலத்துலேர்ந்து கீது சார்."

"ஊர்ல இருக்கலாம் தம்பி. நாட்டுப்புறத்துல இல்லை. அந்த இழுப்பும் கவாலி மாதிரி இருக்கு. அதுக்கு வேற பிரிவு, வேற நாள்."

அத வாங்கி ஓரமா வெச்சுட்டு, அவன் கையில ஒரு ஜோடி ஜால்ராவ குடுத்தாங்க.

நான் அதுவரைக்கும் வாயால போட்டுனு இருந்தேன். இப்ப அவன் கையால போட்டான். அவ்ளோதான் வித்தியாசம்.

ஒருவழியா ரெக்கார்டிங் ரூமுக்குப் போனோம். அன்னிக்கு பாத்து ஸ்டேஷன்ல ஏசி ரிப்பேரு. ரூமுங்க எல்லாம் அடுப்பு மாதிரி கொதிக்குது. அதனால கதவெல்லாம் தெறந்தே கெடந்துச்சு.

ஒத்திகைக்கு நான் ஒரு 'மெய்யி' கத்துனேன். கண்ணாடிக்கு அந்தாண்ட இருந்த ரெக்கார்டிங்காரரு காதுல மாட்டியிருந்தத புடுங்கிப் போட்டாரு.

"யோவ், முள்ளு ஒடஞ்சிடும்யா!"

மீட்டர் முள்ள சொன்னாரு. எனக்கு பெருமையா இருந்துச்சு.

"கொஞ்சம் பின்னால போ." போனேன். "இன்னும் பின்னால." செவுத்துல முட்டிக்கினேன். "கதவுகிட்ட போய்யா." போனேன். "வெளில வராந்தாவுல நில்லு. அங்கேர்ந்து கத்துனாலே இங்க மைக்குக்குப் போதும்."

"எப்ப கத்தணும்னு எனக்கு எப்டி சார் தெரியும்?"

"செவப்பு லைட்டு எரிஞ்சா ஆரம்பி."

வெளில வந்து நின்னேன். எங்க ரூமுக்கு முதுகு காட்டி, எதிர்ல பாத்தாப்ல. எனக்கு நேரா, எதிர் ரூமு கதவுக்கு மேல, அழகா ஒரு செவப்பு லைட்டு. அதையே பாத்துனு இருந்தேன்.

எங்க ரூமோட லைட்டு எங்க இருந்துச்சா? என் தலைக்கு மேல! அப்டி ஒண்ணு இருக்குனே எனக்குத் தெரியாது.

உள்ள அவங்க இன்னும் ஒத்திகைதான் பாத்துனு இருக்காங்க. ஏகாம்பரம் டின்ன தட்டுறான். எதிர் ரூமுல செவப்பு லைட்டு எரிஞ்சுது.

வந்துடுச்சுடா நம்ம நேரம்னு நெனச்சேன். காசிம் செய்ற மாதிரி ஒரு கைய காதுல வெச்சு, கண்ண மூடிக்கினேன். டின்னுல அடி விழுற எடத்துல எல்லாம் கத்துனேன். பழக்க தோசம், மெய்யி எல்லாம் எங்க ஞாபகம் வருது? கட்டுன மாதிரியே வந்துச்சு.

எதிர் ரூமுல இன்னா நடந்துச்சுனு அப்புறந்தான் எனக்குச் சொன்னாங்க. அங்க ஒருத்தரு நேரடி ஒலிபரப்புல, மீனவர்களுக்கு வானிலை அறிவிப்பு படிச்சினு இருந்திருக்காரு. ஊரு பூரா போனது இதுதான்:

"வடகடலோரப் பகுதிகளில் கடல் அமைதியாகக் காணப்படும்."

"பொய்யி!"

"பலத்த காற்றுக்கு வாய்ப்பில்லை."

"பொய்யி!"

"மீனவர்கள் வழக்கம்போல் கடலுக்குச் செல்லலாம்."

"பொய்யி! பொய்யி! காத்து வருது, கரையேறு! ஓடு! ஓடு!"

கண்ண தொறந்தேன். எதிர் ரூமு வாசல்ல ஒருத்தரு கையில பேப்பரோட நின்னினு இருக்காரு. மூஞ்சில ரத்தமே இல்ல. வராந்தா பூரா ஆளுங்க ஓடி வராங்க. செவப்பு பென்சில் ஐயாவும் வராரு, செருப்பு ஒரு காலுல இருக்கு, இன்னொண்ணுல இல்ல.

நான் அவர பாத்து, "நல்லா வந்துச்சா சார்?"னு கேட்டேன்.

அவரு நல்ல மனுசன். அடிக்கல. செவுத்தப் புடிச்சினு உக்காந்துட்டாரு.

"இவரை வெளியில அனுப்புங்க"ன்னாரு. ஏற்கெனவே வெளிலதான சார் இருக்கேன்னேன். "கேட்டுக்கு வெளியில"ன்னாரு.

நிகழ்ச்சிக்கு வேற ஆளு கெடைக்காததால மீதி ரெண்டு பேர வெச்சு ரெக்கார்டிங் முடிச்சாங்க. நான் எதிர் டீக்கடை பெஞ்சுல இஸ்திரி சட்டையோட உக்காந்துனு இருந்தேன்.

திரும்புற ரயில்ல டின்னு மட்டும் அப்பப்ப டொங்குனு சத்தம் போட்டுச்சு.

பொன்னேரில பஸ்ஸு மாறுனோம். பழவேற்காட்டுல காசிம் எறங்கிக்கினான், பசியாவரத்துக்கு ஏகாம்பரம் போயிட்டான். குப்பத்துக்கு நான் வந்து சேரும்போது வெயிலு தாழ்ந்து போயிருந்துச்சு. அந்த நேரத்துக்கு எல்லா கட்டுமரமும் கடல்ல இருக்கணும். ஒண்ணு கூட போவல. எல்லாம் மேல ஏத்தி கயிறு கட்டிக் கெடக்குது. வலைங்கள சுருட்டி வூட்டுக்குள்ள வெச்சுட்டாங்க. சில பேரு கூரைக்கு மேல கல்லு ஏத்திக்கினு இருக்காங்க.

ஊரு பூரா கரையில. நடுவுல நாட்டாமை. அவரு பேசினு இருந்தாரு.

"ரேடியோக்காரன் கவர்மெண்டு சொல்றத படிக்கிறான். யாரோ ஒரு புண்ணியவான், உண்ம தெரிஞ்சவன், உள்ள பூந்து பொய்யி பொய்யினு கத்துறான்! நம்ம உசுர காப்பாத்த அவன் உசுர குடுத்திருக்கான்! இந்நேரம் அவன போலீஸ்ல இன்னா பண்றாங்களோ!"

பொம்பளைங்க கண்ண தொடச்சுக்கினாங்க. அம்மன் கோயில்ல அந்த புண்ணியவானுக்காக கற்பூரம் எரியுது.

எங்க அக்கா கன்னியம்மா, மீன் கூடையோட நின்னினு இருந்தா. "அது எங்க தேசு தொண்ட மாதிரியே இருந்துச்சுனு அப்பவே சொன்னேன், எவனும் கேக்கல"ன்னா.

"சும்மா இரும்மா. இவன ரேடியோ ஸ்டேஷன்ல எவன் உள்ள உடுவான்?"னு நாட்டாமை சிரிச்சாரு.

வாய மூடினு வூட்டுக்குப் போயிருந்தா நான் இன்னிக்கும் புண்ணியவான். ஆனா அவரு சிரிச்சது எனக்குப் பொறுக்கல.

நெஞ்ச நிமித்துனேன். "அது நான்தான் மாமா!"

நாட்டாமை ஓடி வந்து என் ரெண்டு கையையும் புடிச்சுக்கினாரு. "டேய் தேசு! காத்து வருதுனு ஒனக்கு எப்டிடா தெரிஞ்சுது? யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல மாமா. அது பாட்டு."

"பாட்டா?"

"ஆமா மாமா. கடசி வரி. அதுக்கு அர்த்தம் ஒண்ணும் கெடையாது."

எல்லாரும் கடல திரும்பிப் பாத்தாங்க. தொடச்சு வெச்ச தட்டு மாதிரி கெடக்குது. ஒரு அலை கூட எழும்ப சோம்பேறித்தனப்படுது.

அக்கா கூடைய கீழ வெச்சா. அதுதான் நான் பாத்த கடசி காட்சி. அதுக்கப்புறம் நான் ஓடினு இருந்தேன்.

பஞ்சாயத்துல தீர்ப்பு ரொம்ப சுருக்கம். விடிஞ்சதும் ஊருல இருக்கிற எல்லா கட்டுமரத்தையும் நான்தான் தண்ணியில தள்ளணும்.

தள்ளினு இருந்தேன். இடுப்பு ஒடஞ்சு போச்சு. அப்பதான் ஏரிப் பக்கம் கூச்சல் கேட்டுச்சு. மீனாபீசு ஆபீசரு வந்திருக்காரு! வானிலை அறிக்கைய மீறி ஊரே ஏன் கடலுக்குப் போவலனு விசாரிக்கச் சொல்லி மேலேர்ந்து அவரப் புடிச்சு உலுக்கியிருக்காங்க.

வந்த படகு நடு ஏரியில சேத்துல மாட்டிக்கிச்சு. தண்ணி இருந்தாதான! பேண்ட்ட முட்டி வரைக்கும் சுருட்டிக்கினு, செருப்ப கையில தூக்கிக்கினு, சேத்துல பொதக் பொதக்குனு நடந்து வராரு. கரை வரதுக்குள்ள ஒரு செருப்பு சேத்தோட போயிடுச்சு.

ஊரே கரையில நின்னு பாக்குது. எவனும் எறங்கல.

"என்னய்யா இது, ஏரி இப்படிக் கெடக்கு?"ன்னாரு ஆபீசரு, என்னமோ நாங்கதான் குடிச்சுத் தீத்த மாதிரி.

"மொகத்துவாரம் தூந்து போச்சு சார். ஒங்ககிட்ட சொல்லி மாசக்கணக்காச்சு"ன்னாரு நாட்டாமை.

"சரி சரி. அடுத்த வாரம் தோண்டிடலாம்."

யாரு ஆரம்பிச்சாங்கனு எனக்குத் தெரியாது. சத்தியமா நான் இல்ல. எனக்கு மூச்சே இல்ல.

"பொய்யி!"

ஆபீசரு திடுக்குனு திரும்புனாரு. "இல்லய்யா, மிஷின் சொல்லியாச்சு..."

"பொய்யி!" இந்த தடவ மொத்த கரையும். எங்க அக்கா கொரலு தனியா கேட்டுச்சு.

"நாலு நாள்ல..."

"பொய்யி!"

மனுசன் முட்டி வரைக்கும் சேத்துல நிக்கிறாரு, ஊரே சுத்தி நிக்கிது, படகு அசைய மாட்டேங்குது. எல்லார் மூஞ்சையும் பாத்தாரு.

"நாளைக்கே அனுப்பறேன்யா. நானே கூட வரேன். போதுமா?"

யாரும் கத்தல. நாட்டாமை தலைய அசைச்சாரு. நாலு பேரு எறங்கி அவரு படக தள்ளி உட்டாங்க. அந்த நாலு பேருல ஒருத்தன் நான். தண்டனை இன்னும் முடியலையாம்.

மறுநாள் மிஷினு வந்துச்சு. மெய்யாவே வந்துச்சு! கடல் தண்ணி உள்ள எறங்குன அன்னிக்கு ஏகாம்பரம் தோண்டுன வாய்க்கால்ல குதிச்சு குதிச்சு ஆடுனான். எனக்கு யாரும் மாலை போடல. "அவன் கத்துனதாலயா வந்துச்சு, ஆபீசரு சேத்துல மாட்டுனதால வந்துச்சு"ன்னாரு நாட்டாமை.

போவட்டும். எனக்கு இன்னும் ஒரு நம்பிக்க இருந்துச்சு. பாட்டு ஒலிபரப்பாவணுமே! அது வர்ற அன்னிக்கு சாயங்காலம் ஊரு ரேடியோ கம்பத்தடியில எல்லாரும் கூடுனாங்க. நான் அந்த இஸ்திரி சட்டைய மறுபடி போட்டுனு மொத ஆளா உக்காந்தேன்.

ஆரம்பிச்சுது. டின்னு சத்தம். ஜால்ரா. "ஏலேலோ." மறுபடி டின்னு. ஜால்ரா. "ஏலேலோ." வெளிச்சமும் இல்ல, தோளும் இல்ல, தட்டும் இல்ல. எதுக்கு வம்புனு எல்லா வரியையும் வெட்டிட்டாங்க. அவ்ளோ பேசிக் காப்பாத்துன சோறு கூட இல்ல.

முடிஞ்சதும் ஒரு அம்மா இனிமையான கொரல்ல சொன்னாங்க. "இதுவரை நீங்கள் கேட்டது, பல தலைமுறைகளாகப் பழவேற்காட்டு மீனவர்கள் பாடிவரும் பழம்பாடல். இயற்றியவர் பெயர் தெரியவில்லை."

எங்க கடற்கரையில மீசை மொளச்ச கையோட பல தலைமுறை கெழவனானவன் நான் ஒருத்தன்தான்.